பதினோரு நிமிடம்

ஏழு மணிக்கு இரவு ஷிப்ட் கலையும்.
ஏழு பதினொன்றுக்குத் தொழிற்சாலை பஸ் கிளம்பும்.
இடையில் இருப்பதுதான் என் கடை.

பாயான் லெப்பாஸ், மூன்றாம் கேட், அங்சானா மரத்தடி.
கடன் தாங்காமல் எவனோ விற்றுவிட்டுப் போன டிரெய்லர்.
பக்கவாட்டில் அவன் வரைந்த பர்கர்
இன்னும் வாய் பிளந்து நிற்கிறது.
உள்ளே நான்
உளுந்து வடை சுடுகிறேன்.

முதல் மாதம் கூட்டம் மொய்த்தது.
பக்கத்தில் சோயாப்பால் விற்கும் ஆ லெங்
"பணக்காரி ஆயிட்டே, தங்காச்சி" என்றார்.
மாதக் கடைசியில் மைலோ டின்னைக் கவிழ்த்தேன்.
எண்ணெய், கேஸ், லைசென்ஸ், டிரெய்லர் தவணை
எல்லாம் போக
நாற்பத்திரண்டு வெள்ளி.
இருபத்தாறு விடியலுக்கு.

இதே ஆலையில் பன்னிரண்டு வருஷம்
மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து
சில்லுகளில் பிழை தேடியவள் நான்.
எனக்குத் தேடத் தெரியும்.

முதலில் ஓட்டையைப் பெரிதாக்கினேன்.
கட்டைவிரல் குத்திய இடத்தில்
அகப்பைக் காம்பு.
மாவு இல்லாத இடத்தில்தான்
லாபம் இருக்கிறதென்று எண்ணம்.
நாலு நாள் யாரும் மூச்சு விடவில்லை.
ஐந்தாம் நாள் சுஹைலா
வடையைத் தூக்கிக் கண்ணில் வைத்து
அதன் வழியே என்னைப் பார்த்தாள்.
"அக்கா, முழுசாத் தெரியிறீங்க"
என்றாள் மலாயில்.
அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.
காது மடல் மட்டும் சுட்டது, எண்ணெய் தெறித்ததுபோல.
மறுநாள் கட்டைவிரல் திரும்பி வந்தது.

பிறகொரு நாள்
அடுப்பை ஜெயசீலனிடம் விட்டுவிட்டு
எதிர்ப்புறம் போய் நின்று
என் கடையை லென்ஸுக்கடியில் வைத்தேன்.

வரிசையில் முப்பத்தைந்து பேர்.
"மூணா, நாலா?"
"தேங்காய்ச் சட்னியா, காரமா?"
"ஐம்பது வெள்ளிக்குச் சில்லறை இல்லையே, பொறுங்க"
என் புருஷன் சட்னியை ஊற்றுகிறான்,
ஊற்றுகிறான்,
அபிஷேகம் செய்வதுபோல் ஊற்றுகிறான்.
ஹாரன்.

பத்தொன்பது பேர் வாங்கியிருந்தார்கள்.
பதினாறு பேர்
நோட்டைக் கையில் பிடித்தபடியே ஓடிப்போய் ஏறினார்கள்.
என் லாபம்
சன்னலோரம் உட்கார்ந்து
பாலம் தாண்டிப் போனது.

அன்றிரவு சட்னியை நிறுத்தினேன்.
சட்னி இல்லாத வடையா என்று
இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை ஜெயசீலன்.
போகட்டும்.

இப்போது ஒரே பை, ஒரே நோட்டு:
மூன்று வடை, ஒரு பச்சைமிளகாய், கட்டின தே,
ஐந்து வெள்ளி. சில்லறைப் பேச்சே கிடையாது.
நோட்டு இல்லாதவர்களுக்குக் கம்பத்தில் கியூஆர் அட்டை.
ஆறு ஐம்பதுக்குள் முப்பத்தைந்து பை நிற்க வேண்டும்.
பையின் வாயை மடிக்கக் கூடாது,
மடித்தால் உள்ளே வடை வியர்க்கும்.
இதைக் கண்டுபிடிக்க
எழுபது வடை வீணாயிற்று.
கணக்கில் எழுதியிருக்கிறேன்.

இந்த மாதம் ஆயிரத்து அறுநூற்று முப்பது.
கடைசியாக ஆலை தந்த அடிப்படைச் சம்பளத்துக்கு
எழுபது வெள்ளி குறைவு.
அதையும் எழுதியிருக்கிறேன்.

"பர்கரை எப்ப அழிக்கப்போறே?"
ஆ லெங் கேட்கிறார்.
பெயின்டர் நானூறு கேட்கிறான், அங்கிள்.
அது வாய் பிளந்தே இருக்கட்டும்.

ஏழு ஒன்பது.
கடைசிப் பையைப் பிடுங்கிக்கொண்டு
சுஹைலா ஓடுகிறாள்.
செருப்பு ஒன்று கழன்று, திரும்பி, மாட்டி,
படியில் கால்.
பஸ் நகரும்போது
சன்னலில் ஒரு வடை
அவள் கண்ணுக்கு ஏறுகிறது.

சின்ன ஓட்டை.
அதில் நான் தெரிந்திருக்க மாட்டேன்.
இருந்தாலும் கையசைத்தேன்,
மாவுக் கையை.